காலிகுலா: பேரரசனும் திரைப்படமும்

நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் இருத்தல்போல, திரைப்படத்தின் தொடக்கத்தில் எழுதியவர், இயக்கியவர், தொகுத்தவர் ஆகியோரின் பெயர்கள் வருவது வழக்கம். 1979ஆம் ஆண்டு இத்தாலியில் வெளியான 'காலிகுலா' என்னும் படத்தால் இந்த எளிய வழக்கத்தைக்கூடப் பின்பற்ற இயலவில்லை. அதன் பெயர்ப்பட்டியலில் இயக்குநர் என்று எவரும் குறிக்கப்படவில்லை. முதன்மைப் படப்பிடிப்பு டின்டோ பிராஸ் என்று மட்டுமே காணப்படுகிறது. திரைக்கதை கோர் விடாலின் மூலத்திலிருந்து தழுவப்பட்டது என்கிறது பட்டியல். தழுவியவர் யார் என்பதைச் சொல்லவில்லை. படத்தொகுப்புக்குத் தயாரிப்பு நிர்வாகமே பொறுப்பு எனப்பட்டது. இசையமைத்தவரோ புனைபெயருக்குள் ஒதுங்கிக்கொண்டார்.

பெரும்பொருள் செலவில், புகழ்பெற்ற நடிகர்களைக் கொண்டு, ரோமாபுரியின் வரலாற்றிலேயே மிகுதியாகத் தூற்றப்பட்ட பேரரசர்களுள் ஒருவனைப் பற்றி எடுக்கப்பட்ட படம் இது. எனினும் அதைத் தம்முடையது என்று முழுமனத்தோடு சொல்ல அதை ஆக்கியோருள் பெரும்பாலோர் முன்வரவில்லை. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தால், படத்தின் கதை மட்டுமன்றிப் பேரரசனின் கதையும் உடன்வருகிறது. தன் கதையைத் தானே சொல்லும் வாய்ப்பு அவனுக்கும் இருந்ததில்லை.

காலணிச் சிறுவன்

காலிகுலா என்பது இயற்பெயர் அன்று. கி.பி. 12ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் ஆன்டியம் நகரில் பிறந்த கையஸ் என்பானுக்குப் படைவீரர்கள் அன்புடன் இட்ட பெயர் அது. ரோமானியப் படைவீரர் அணிந்த கனத்த காலணிக்குக் 'காலிகா' என்று பெயர். தந்தை ஜெர்மானிகஸின் பாசறையில், வீரர்களைப் போலவே சிறு காலணி அணிந்து திரிந்த குழந்தையை அவர்கள் 'சின்னக் காலணி' என்னும் பொருள்பட அழைத்தனர். வளர்ந்தபின் அவன் அப்பெயரை விரும்பவில்லை என்பர். ஆயினும் உலகம் அவனை அறிந்தது அப்பெயரால்தான்.

அவனது இளமை துயரம் மிக்கது. மக்களின் பேரன்பைப் பெற்றிருந்த தந்தை கி.பி. 19இல் அந்தியோக்கியாவில் ஐயத்திற்கிடமான முறையில் இறந்தார். பேரரசன் டைபீரியஸின் பகைமைக்கு ஆளான தாய் அக்ரிப்பினா தீவொன்றுக்கு நாடு கடத்தப்பட்டு, கி.பி. 33இல் அங்கேயே மாண்டாள். மூத்த தமையன் நீரோவும் (பிற்காலப் பேரரசன் நீரோ வேறு) நாடு கடத்தப்பட்ட தீவில் மடிந்தான். அடுத்த தமையன் துருசஸ் அரண்மனைச் சிறையில் பட்டினியால் உயிர்விட்டான். பத்தொன்பது வயதில் கையஸ் கப்ரி தீவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, தன் குடும்பத்தை அழித்த அதே டைபீரியஸின் கண்பார்வையில் ஆறாண்டுகள் வாழ்ந்தான். தாயின் சாவுக்கும் தமையரின் சாவுக்கும் முகத்தில் சலனம் காட்டாதிருந்ததே அவன் உயிர் பிழைத்ததற்குக் காரணம்.

கி.பி. 37 மார்ச்சு மாதத்தில் டைபீரியஸ் இறந்ததும் இருபத்துநான்கு வயது இளைஞன் பேரரசனானான். ரோமாபுரி மகிழ்ச்சியில் திளைத்தது. முதல் மூன்று மாதங்களில் மட்டும் 1,60,000-க்கும் மேற்பட்ட விலங்குகள் பலியிடப்பட்டதாகச் சூட்டோனியஸ் எழுதுகிறார். புதிய அரசன் நாடு கடத்தப்பட்டோரைத் திரும்ப அழைத்தான். அரசின் கணக்குகளை மக்கள் அறிய வெளியிட்டான். அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் கடுமையாக நோயுற்றுத் தேறினான். அதன்பின் நிகழ்ந்தவை வேறு. உடன் வாரிசாக வைக்கப்பட்டிருந்த ஜெமெல்லஸ் மடிந்தான். அரியணை ஏற உதவிய காவற்படைத் தலைவன் மாக்ரோவும் மடிந்தான். கி.பி. 38இல் இறந்த தங்கை துருசில்லாவைப் பேரரசன் தெய்வமாக்கினான். அடுத்த ஆண்டு எஞ்சிய இரு தங்கையரையும் சதிக்குற்றம் சாட்டி நாடு கடத்தினான். டைபீரியஸ் சேர்த்துவைத்த 270 கோடி செஸ்டர்ஸ் பணமும் ஓராண்டு முடிவதற்குள் கரைந்ததென்பது சூட்டோனியஸின் கூற்று.

கி.பி. 41 சனவரி 24ஆம் நாள், அரண்மனையை ஒட்டிய ஒடுங்கிய நடைவழியில், காவற்படை அதிகாரி காசியஸ் கெரியாவும் கூட்டாளிகளும் அவனை வெட்டிச் சாய்த்தனர். மெல்லிய குரலுடைய கெரியாவைப் பேரரசன் நாள்தோறும் ஏளனம் செய்து, இழிவான சொற்களையே அடையாளச் சொல்லாக அவனுக்குக் கொடுத்துவந்தான் என்பர். மனைவி கெசோனியாவும் கைக்குழந்தையும் அப்போதே கொல்லப்பட்டனர். பேரரசனுக்கு அப்போது வயது இருபத்தெட்டு; ஆட்சி நான்காண்டுகூட நிறையவில்லை.

சான்று சொன்னோர்

கொல்லப்பட்ட அரசனைப் பற்றி நல்லது சொல்வதால் எவருக்கும் பயனில்லை. அடுத்து வந்த கிளாடியஸின் காலத்தில், கையஸின் உருவம் பொறித்த செப்புக்காசுகளை உருக்கிவிடுமாறு செனட் சபை ஆணையிட்டதாகக் காசியஸ் டியோ குறிப்பிடுகிறார். காசிலிருந்து முகத்தை அழிக்க முயன்ற அதே செனட் வகுப்பின் நினைவுகளே பின்னாளில் அவனைப் பற்றிய வரலாறாயின.

அவன் காலத்தில் வாழ்ந்து அவனை நேரிற் கண்டு எழுதியவர்கள் இருவரே குறிப்பிடத்தக்கவர்: செனெகாவும் அலெக்சாந்திரியாவின் ஃபைலோவும். யூத மக்களின் தூதுக்குழுவோடு சென்ற ஃபைலோ, பேரரசன் தோட்ட மாளிகையின் அறைதோறும் நடந்து கட்டட வேலைகளை மேற்பார்வையிட்டுக்கொண்டே வழக்கு விசாரித்ததையும், தூதர்கள் மாடியேறி இறங்கி அவன் பின்னே ஓடியதையும், இடையில் அவன் திரும்பிப் பன்றியிறைச்சியை யூதர் உண்ணாதது ஏன் என்று கேட்டதையும் எழுதிவைத்திருக்கிறார். ஓர் இனத்தின் வாழ்வும் சாவும் ஒருவனது பொழுதுபோக்காக மாறிய காட்சி அது. கற்பனையால் கூட்டப்படாத இப்பகுதியே அவனைப் பற்றிய எழுத்துகளில் மிக்க அச்சம் தருவது எனலாம்.

ரோமானிய வரலாற்றாசிரியருள் தலைசிறந்த டாசிட்டஸ் எழுதிய ஆண்டு வரலாற்றில் காலிகுலாவின் ஆட்சியைக் கூறும் பகுதிகள் அழிந்துவிட்டன. எஞ்சியிருப்பவை, எண்பது ஆண்டுகளுக்குப் பின் சூட்டோனியஸ் எழுதிய வாழ்க்கை வரலாறும், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசியஸ் டியோ எழுதிய வரலாறும் ஆகும். இன்று உலகம் அறிந்த காலிகுலா பெரும்பாலும் சூட்டோனியஸின் காலிகுலாவே. தங்கையருடன் கூடா ஒழுக்கம், அரண்மனையிலேயே பரத்தையர் விடுதி, கடற்கரையில் சிப்பி பொறுக்கப் படைக்கு ஆணை, குதிரைக்குக் கான்சல் பதவி ஆகிய யாவும் அவ்வழி வந்தவை.

இவற்றுள் குதிரைக் கதை ஊன்றிப் பார்க்கத்தக்கது. இன்சிடேட்டஸ் என்னும் குதிரைக்குப் பளிங்குத் தொழுவமும் தந்தத் தொட்டியும் அமைத்த அரசன் அதைக் கான்சல் ஆக்கவும் எண்ணினான் என்று கூறுகின்றனர் என்பதே சூட்டோனியஸ் சொல்வது. எண்ணினான் என்பது பிற்காலத்தார் வாயில் ஆக்கினான் என்றாயிற்று. ஜெர்மானிய வரலாற்றறிஞர் அலாய்ஸ் வின்டர்லிங் 2003இல் வெளியிட்ட நூல், இத்தகைய செயல்களைப் பித்தனின் செயல்களாகக் கொள்ளவில்லை. செனட் உறுப்பினர்கள் போற்றிக் காத்த பதவிகள் வெறும் நிழலே என்பதை அவர்கள் முகத்தெதிரே காட்டிய கொடிய ஏளனம் அது என்று அந்நூல் விளக்கம் தருகிறது. விளக்கம் முழுதும் ஏற்கப்பட்டதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் பித்து என்ற ஒரு சொல்லால் அரசியலை மூடிவிடலாகாது என்பதை அது உணர்த்திற்று.

மண்ணும் கல்லும் வேறு சில சான்றுகளைக் காத்துவைத்துள்ளன. கி.பி. 38இல் காலிகுலா தொடங்கிய இரு பெரும் நீர்க்கால்வாய்களைக் கி.பி. 52இல் கிளாடியஸ் முடித்தான். அவற்றுள் ஒன்று கிளாடியஸின் பெயரையே தாங்கியது. எகிப்திலிருந்து காலிகுலா கொண்டுவந்த ஒற்றைக்கல் தூண், 1586இல் இடம்பெயர்க்கப்பட்டு, வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் இன்றும் நிற்கிறது. நேமி ஏரியின் நீரை வடித்தபோது 1929 முதல் 1932 வரையிலான காலத்தில், எழுபது மீட்டர் அளவு நீளமுள்ள இரு கப்பல்கள் வெளிப்பட்டன. அவற்றின் ஈயக்குழாய்களில் கையஸின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பளிங்கும் வெண்கலமும் இழைத்த அக்கப்பல்கள், பேரரசனின் ஆடம்பரம் வெறுங்கட்டுக்கதை அன்று என்பதை மெய்ப்பித்தன. 1944இல் இரண்டாம் உலகப்போரின்போது அவை தீக்கிரையாயின.

ஒவ்வொரு காலத்தின் காலிகுலா

சான்று குறைந்த இடத்தில் கற்பனை குடியேறும். எழுதுவோர் தத்தம் காலத்துக்கு வேண்டிய காலிகுலாவை ஆக்கிக்கொண்டனர். 1894இல் ஜெர்மனியில் லுட்விக் குவிட்டே என்னும் வரலாற்றறிஞர் காலிகுலாவைப் பற்றிச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். பண்டைய ரோமைப் பற்றிய ஆராய்ச்சி என்ற அளவில் அதில் குறைகூற ஒன்றுமில்லை. எனினும், படித்தவர் ஒவ்வொருவரும் அதில் தம் பேரரசன் இரண்டாம் வில்லியத்தின் முகத்தைக் கண்டனர். நூல் பதிப்புமேல் பதிப்பாக விற்றது. குவிட்டேயின் கல்வித்துறை வாழ்வு அத்துடன் முடிந்தது. 1927இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு எழுதிய நாடகம் 1944இல் நூலாகி 1945இல் பாரிசில் அரங்கேறியது. அங்கே காலிகுலா சிந்தனையாளன். அன்புக்குரிய துருசில்லாவின் சாவால் உலகின் பொருளின்மையை உணர்ந்து, கைக்கெட்டாத நிலவை வேண்டி நிற்பவன். அந்த உண்மையைப் பிறர்க்குக் கற்பிக்கக் கொலையைக் கருவியாகக் கொள்பவன். ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1934இல் எழுதிய கிளாடியஸ் நாவல், அரண்மனைக்குள் வளர்ந்த நஞ்சாக அவனைக் காட்டியது. அந்நாவல் 1976இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, எளிய அரங்க அமைப்புகளிலேயே நடிப்பின் வலிமையால் பெரும்புகழ் பெற்றது. அதே 1976இல் ரோமாபுரியில், பணத்துக்குக் குறைவின்றி, மற்றொரு காலிகுலா உருவாகிக்கொண்டிருந்தான்.

மூவர் கை

இத்தாலியத் திரைமேதை ரொபெர்டோ ரொசெல்லினி தொலைக்காட்சிக்கென வகுத்திருந்த ஒரு திட்டத்திலிருந்து இப்படத்தின் கரு தோன்றியது. அவருடைய உறவினரான தயாரிப்பாளர் ஃபிராங்கோ ரொசெல்லினி, அமெரிக்க எழுத்தாளர் கோர் விடாலை அணுகினார். விடால் வரலாற்று நாவல்களில் வல்லவர். சூட்டோனியஸின் பன்னிரு சீசர்களைப் பற்றி முன்னரே கட்டுரை எழுதியவர். கட்டற்ற அதிகாரம் கையில் கிடைத்தால் சாதாரண மனிதன் என்ன ஆவான் என்பதே அவர் கேட்ட கேள்வி. காலிகுலா பிறவிக் கொடியவன் அல்லன், எவரும் தடுக்காத நிலையில் அவ்வாறு ஆனவன் என்பது அவர் திரைக்கதையின் உயிர்நிலை.

பணம் தந்தவர் பாப் குச்சியோனே. ஆண்களுக்கான 'பென்ட்ஹவுஸ்' இதழை நிறுவிச் செல்வம் ஈட்டியவர். மதிப்பு வாய்ந்த நடிகர்களும் வெளிப்படையான பாலுறவுக் காட்சிகளும் ஒரே படத்தில் அமைய வேண்டுமென்பது அவர் விருப்பம். செலவு 1 கோடியே 75 லட்சம் டாலர் என்று சொல்லப்பட்டது. 1977இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்திற்கு ஆன செலவு 1 கோடியே 10 லட்சம் டாலர் என்பதோடு ஒப்பிட்டால் இத்தொகையின் பெருமை விளங்கும்.

இயக்குநராக அமர்த்தப்பட்டவர் இத்தாலியரான டின்டோ பிராஸ். அரங்குகளையும் உடைகளையும் அமைத்தவர் டானிலோ டொனாட்டி. ஃபெல்லினியின் படங்களில் பணியாற்றி, ஆஸ்கார் விருது பெற்றவர். பேரரசனாக மால்கம் மெக்டவல், டைபீரியஸாகப் பீட்டர் ஓ'டூல், அறிஞன் நெர்வாவாக ஜான் கீல்கட், கெசோனியாவாக ஹெலன் மிர்ரன், துருசில்லாவாகத் தெரேசா ஆன் சவோய் ஆகியோர் நடித்தனர். ஆங்கில நாடக மேடையின் பெருமைக்குரியோர் இத்தனை பேர் ஒரு படத்தில் கூடியது அரிது.

கூட்டு முயற்சி தொடக்கத்திலேயே பிளவுபட்டது. விடாலின் சாதாரண மனிதனைப் பிராஸ் ஏற்கவில்லை. அதிகாரத்தின் களியாட்டத்தை அங்கதமாகக் காட்டவே அவர் விரும்பினார். படப்பிடிப்பின்போதே உரையாடல்கள் மாற்றி எழுதப்பட்டன. எழுத்தாளனை உறிஞ்சி வாழ்பவரே இயக்குநர் என்னும் பொருள்பட விடால் செய்தி இதழொன்றில் பேசினார்; அதன்பின் அவருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் இடமில்லாமற் போயிற்று. விடால் தம் பெயரை விலக்கிக்கொள்ளப் போராடினார். தொடக்கத்தில் அவர் பெயரையே முன்னிறுத்தி அறிவிக்கப்பட்ட படம் வெறும் 'காலிகுலா' ஆனது இவ்வாறுதான்.

எழுத்தாளர் வெளியேறியதால் இயக்குநர் வென்றார் என்று எண்ணுவதற்கில்லை. படப்பிடிப்பு முடிந்து தொகுப்புப் பணி நடக்கையில் பிராசும் வெளியேற்றப்பட்டார். படச்சுருள் யாருடைய உடைமையோ அவருடையதே இறுதிச்சொல் என்றாயிற்று. குச்சியோனே தம் துணைவர் ஜியான்கார்லோ லூயியுடன், தம் இதழின் மாதிரிப் பெண்களைக் கொண்டு, அதே அரங்குகளில் மறைமுகமாகப் பாலுறவுக் காட்சிகளைப் படமாக்கிப் படத்தில் சேர்த்தார். முதன்மை நடிகர்கள் பலர் அறியாமலே அவர்கள் நடித்த காட்சிகளுக்கிடையே அவை நுழைந்தன.

தமிழ்ப் பதிப்புலகம் 'இடைச்செருகல்' என்று வழங்கும் சொல் இதற்கு மிகப் பொருந்தும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஏடு எழுதுவோன் செய்யுளைச் செருகும்போது மூல ஆசிரியரின் நடையைப் பின்பற்றியேனும் மறைவான். இங்கே செருகியவருக்கு மறையவேண்டிய தேவை இருக்கவில்லை. செருகலே விற்பனைக்கான விளம்பரமாயிற்று.

வழக்கும் தீர்ப்பும்

1979 ஆகஸ்டில் இத்தாலியின் சிற்றூரான மெல்டோலாவில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நவம்பரில் ரோமாபுரியில் வெளியான சில நாட்களிலேயே காவல்துறையினர் அதைக் கைப்பற்றினர். அமெரிக்காவில் 1980 பிப்ரவரி முதல் நாள் நியூயார்க்கில் வெளியிட்டபோது, குச்சியோனே ஒரு திரையரங்கையே வாடகைக்கு எடுத்து அதற்குத் தம் இதழின் பெயரைச் சூட்டினார். நுழைவுச்சீட்டின் விலை 7 டாலர் 50 சென்ட். திறனாய்வாளர்களின் கண்டனம் கடுமையாக இருந்தது. ரோஜர் ஈபர்ட் படம் முடியுமுன்பே அரங்கை விட்டு வெளியேறி, ஒரு மதிப்பெண்ணும் தர மறுத்தார்.

அவ்வாண்டில் பாஸ்டன் நகரில் நடந்த ஆபாச வழக்கின் தீர்ப்பு இப்படத்தின் வரலாற்றில் வியப்புக்குரிய பகுதி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் வகுத்த நெறிப்படி, கலை, இலக்கியம், அறிவியல், அரசியல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு துறையில் உண்மையான பயன் உடைய படைப்பை ஆபாசமெனத் தடுக்க இயலாது. பாஸ்டன் நீதிபதி இப்படத்திற்குக் கலைமதிப்போ அறிவியல்மதிப்போ இல்லையென்றார். ஆயினும் கட்டற்ற அதிகாரம் மனிதனை முற்றிலும் சீரழிக்கும் என்ற அரசியல் கருத்தை ரோமாபுரியின் வழியே காட்டுவதால் அரசியல்மதிப்பு உண்டென்று கூறிப் படத்தை விடுவித்தார்.

தீர்ப்பைக் கூர்ந்து நோக்கினால் அதன் முரண் புலனாகும். நீதிமன்றத்தில் படத்தைக் காத்தது விடாலின் கருத்து. அக்கருத்தை எழுதியவரோ அதற்குள் படத்தைக் கைவிட்டிருந்தார். அவரை வெளியேற்றியவர்களே அதன் பயனைப் பெற்றனர். தன் சொல்லின் மீது எழுத்தாளன் உரிமை இழந்தபின்னும் அச்சொல் வேறொருவருக்கு அரணாக நிற்கக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

எஞ்சிய நல்லவை

செருகல்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் 1979ஆம் ஆண்டுப் படம் சிதைந்த ஒன்றே. காட்சிகள் தொடர்பின்றி நிற்கின்றன; காரணம் முன்னும் காரியம் பின்னுமாக அமையவில்லை. எனினும் முற்றும் தள்ளத்தக்கதன்று. கப்ரி தீவில் டைபீரியஸும் நெர்வாவும் தோன்றும் பகுதி அதற்குச் சான்று. நெர்வா பேரரசனின் நண்பன், சட்டம் வல்லவன். காலத்தின் தீமையைக் காணப் பொறாமல் அவன் உண்ணாது உயிர்விட்டதையும், பேரரசனே அருகமர்ந்து வேண்டியும் மனம் மாறாததையும் டாசிட்டஸ் கூறுகிறார். படத்தில் அது குளியலறையில் மணிக்கட்டை அறுத்துக்கொள்வதாக மாற்றப்பட்டுள்ளது. செய்தி மாறினும் உணர்வு மாறவில்லை. உடல் அழுகிய கிழ அரசனாக ஓ'டூலும், இனி இங்கே வாழ்வதற்கு ஒன்றுமில்லை என்று அமைதியுறும் அறிஞனாகக் கீல்கட்டும் தோன்றும் அச்சில நிமிடங்களில், கொடுங்கோன்மையின் கீழ் நல்லறிவு படும் பாடு முழுதும் புலனாகிறது.

டொனாட்டியின் அரங்குகளும் குறிப்பிடத்தக்கவை. தொல்பொருள் ஆராய்ச்சியைப் பின்பற்றாமல், தீக்கனவு ஒன்றின் உருவத்தை அவர் ரோமாபுரிக்கு அளித்தார். மண்ணில் கழுத்தளவு புதைக்கப்பட்டோரின் தலைகளை அறுத்துக்கொண்டு நகரும் சுவர் போன்ற செந்நிற இயந்திரம் எந்த வரலாற்று நூலிலும் இல்லாதது. ஆனால் மக்கள் வேடிக்கை பார்க்க, அரசு அமைதியாக இயங்க, தலைகள் வீழும் என்ற உண்மையை அக்கற்பனை மறக்கவொண்ணாதபடி சொல்லிவிடுகிறது.

மீட்டெடுப்பு

ஏறத்தாழ நாற்பதாண்டுகள் இப்படம் கேலிப்பொருளாகவே இருந்தது. இதற்கிடையில் மூலப் படச்சுருள்கள் அழியாமல் கிடைத்தன. ஏறத்தாழ 96 மணி நேரம் ஓடக்கூடிய அவற்றைத் தாமஸ் நெகோவன் என்பவர் ஆராய்ந்து புதிய பதிப்பொன்றை உருவாக்கினார். அது 2023ஆம் ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2024இல் திரையரங்குகளுக்கு வந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இப்பதிப்பில், பழைய படத்தில் இடம்பெற்ற ஒரு சட்டமும் எடுத்தாளப்படவில்லை என்று அறிவிக்கப்பட்டது. விடாலின் திரைக்கதை வழிகாட்டியாகக் கொள்ளப்பட்டது. இசை புதிதாக அமைக்கப்பட்டது. குச்சியோனேயின் செருகல்கள் நீங்கின. முன்பு துண்டாடப்பட்டிருந்த ஹெலன் மிர்ரனின் நடிப்பு முழுமை பெற்றது. மால்கம் மெக்டவல் தம் இளமைக்கால உழைப்பு மீண்டதென மகிழ்ந்தார்.

ஆனால் டின்டோ பிராஸ் மகிழவில்லை. தாம் பங்குகொள்ளாத ஒரு தொகுப்பைத் தம் படமெனக் கொள்ள இயலாது என்று அதையும் மறுத்தார். விடால் 2012இலும், குச்சியோனே 2010இலும் மறைந்துவிட்டனர். எழுதியவர் இல்லை, பணம் போட்டவர் இல்லை, இயக்கியவர் உடன்படவில்லை. இந்நிலையில் மீட்கப்பட்டது யாருடைய படைப்பு?

சுவடிப் பதிப்பாசிரியரின் பணியோடு இதனை ஒப்பிடலாம். பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் களைந்து செல்லும் பதிப்பாசிரியருக்கு, என்றோ ஒருவர் பாடி முடித்த ஒரு மூலபாடம் இருந்தது என்னும் நம்பிக்கை துணைநிற்கிறது. 'காலிகுலா' படத்திற்கு அத்தகைய மூலபாடம் என்றுமே இருந்ததில்லை. விடால் எழுதியதைப் பிராஸ் படமாக்கவில்லை. பிராஸ் படமாக்கியதைக் குச்சியோனே வெளியிடவில்லை. நெகோவனின் பதிப்பு, இருந்ததை மீட்ட பதிப்பு என்பதைவிட, இருந்திருக்கக்கூடிய ஒன்றைக் கிடைத்த துண்டுகளால் அமைத்த பதிப்பு என்பதே பொருந்தும். நேர்மையான முயற்சி அது. முன்னதினும் மிகச் சிறந்தது. ஆயினும் ஆசிரியன் என்னும் இடம் அங்கும் வெறுமையாகவே இருக்கிறது.

காலிகுலாவின் வரலாற்றுக்கும் இதுவே நேர்ந்தது. அவன் சொற்களுள் பெரும்பாலானவை அவன் சொன்னவாறு கிடைக்கவில்லை. பகைவர் தொகுத்ததைப் பின்வந்தோர் கூட்டினர். அண்மைக்கால அறிஞர்கள் செருகல்களை நீக்கி வேறொரு மனிதனைக் காட்ட முயல்கின்றனர். அம்முயற்சியால் கொடுங்கோலன் நல்லவன் ஆகிவிடமாட்டான். ஃபைலோவின் தூதர்கள் மாளிகைப் படிகளில் ஓடியதை எந்த ஆராய்ச்சியும் அழித்துவிட முடியாது. செனட் சபைக்கு இழைத்த அவமதிப்பை அரசியல் என்று விளக்கலாம். சிறைக்குள்ளும் தீவுகளிலும் மடிந்தோருக்கு அவ்விளக்கத்தால் பயனில்லை.

படத்திலிருந்து எழுத்தாளர் பெறவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதிகாரம் தடையின்றிப் போனால் என்ன நேரும் என்பதைச் சொல்ல மூவர் முனைந்தனர். அவர்களுள் யாருக்கு இறுதிச்சொல் என்பதை அறிவோ கலையோ முடிவு செய்யவில்லை. படச்சுருளின் உடைமை முடிவு செய்தது. தடுப்பார் இல்லாத ஒருவரின் விருப்பத்தால் மனித உயிர்கள் சிதைந்ததைக் கூறவந்த படம், தடுப்பார் இல்லாத ஒருவரின் விருப்பத்தாலேயே சிதைந்தது. ரோமாபுரியில் அதற்கு விலை உயிர். திரைப்படத்தில் சில கலைஞர்களின் உழைப்பும் பெயரும் மட்டுமே. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. ஆயினும் சொல்லையே உடைமையாகக் கொண்டோர் இரண்டாவதைச் சிறிதென்று தள்ளிவிடவும் இயலாது. தம் எழுத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கும் நாளில், அதன் கடைசி வரியைத் திருத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டறிந்த பின்னரே ஒப்படைக்க வேண்டும்.